சூளையிலிருந்து மீண்டவருக்கு முதலில் எது: விடுதலைச் சான்றா, வழக்கா, இழப்பீடா?

கொத்தடிமைகளை மீட்கிற நாளில் எல்லோருக்கும் அவசரம். வருவாய்த் துறைக்கு இருட்டுவதற்குள் ஆட்களை ஊருக்கு வண்டியேற்றிவிட வேண்டும். போலீசுக்கு யாராவது புகாரில் கையெழுத்துப் போட வேண்டும். மீட்கப்பட்டவர்களுக்கோ குழந்தைகளோடு வீடு போய்ச் சேர்ந்தால் போதும். அந்த அவசரத்தில் எந்தத் தாள் எழுதப்படுகிறது, எது விட்டுப்போகிறது என்பதைப் பொறுத்துத்தான் பிறகு வருகிற பல வருஷங்கள் அமைகின்றன.

இது மீட்கப்பட்டவர்களின் உறவினர்கள், ஊர்க்காரர்கள், துணைக்குப் போகிற தன்னார்வலர்கள், இந்த வகை வழக்கை முதல்முறை எடுக்கிற இளம் வழக்கறிஞர்கள் ஆகியோருக்காக எழுதியது. திருவள்ளூர், காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துச் செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டும் இடங்களில் முன்பணத்துக்காகக் கட்டிவைக்கப்பட்ட குடும்பங்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். பாலியல் தொழிலுக்காகக் கடத்தப்பட்ட பெண்களுக்கு வரும் முடிவு கொஞ்சம் வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் விடுதலைச் சான்று, அதாவது இவர் கொத்தடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்று ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) எழுதித் தருகிற தாள். அதுவும் அந்த மாவட்டத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே. வழக்கு அவசியம்தான், ஆனால் அது அரசின் வழக்கு. அதில் பாதிக்கப்பட்டவர் ஒரு சாட்சி. விடுதலைச் சான்று மட்டும்தான் அவர் பெயரில், அவர் கையில் இருக்கிற தாள்.

சான்று என்ன செய்யும்

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை (ஒழிப்பு) சட்டம் சில விஷயங்களை நேரடியாகச் சொல்கிறது. கொத்தடிமைக் கடன் எதுவானாலும் அது ரத்து. அதைத் திருப்பிக் கட்டத் தேவையில்லை. ரத்தான கடனுக்காக ஓனர் பணம் வாங்கினால் அதுவே குற்றம், மூன்று வருஷம் வரை சிறை. கடனுக்கு ஈடாக எழுதி வாங்கிய சொத்து திரும்ப வர வேண்டும். தொழிலாளி குடியிருந்த மனையிலிருந்து அவரை வெளியேற்றக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது 15-ஆம் பிரிவு: இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொல்லிவிட்டால், இல்லை என்று நிரூபிக்கிற பொறுப்பு கடன் கொடுத்தவருடையது.

நம் சட்டங்களில் ஏழைக்கு இவ்வளவு சாதகமாக எழுதப்பட்ட பிரிவுகள் அதிகம் இல்லை. ஆனாலும் சான்று கிடைப்பது பெரும்பாடு. காரணம், விசாரணையில் கேட்கப்படுகிற கேள்வி.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வழக்கமாக நடப்பது இதுதான்.

“ஏம்மா, யாராவது கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வந்தாங்களா?”

“இல்லைங்க சார், நாங்களாத்தான் வந்தோம். அட்வான்ஸ் வாங்கியிருக்கோம், அதைக் கழிக்கணும்ல.”

அவ்வளவுதான். “விருப்பத்தின் பேரில் வேலை செய்து வருவதாகத் தெரிவித்தார்” என்று எழுதப்பட்டுவிடும். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. வாங்கிய கடனை அடைக்க வேண்டும் என்பது அவருக்கு மானப் பிரச்சினை. ஆனால் அவர் நேர்மையாகச் சொன்ன வாக்கியமே அவருக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது.

சட்டம் சங்கிலியையும் பூட்டையும் தேடவில்லை. முன்பணத்துக்காகவோ வழக்கத்தின் பேரிலோ ஒருவர் உழைக்கும்போது, கூலியே இல்லாமல் அல்லது பெயருக்குக் கூலி வாங்கி உழைப்பது, வேறு வேலைக்குப் போக முடியாமல் இருப்பது, நினைத்த இடத்துக்குப் போய்வர முடியாமல் இருப்பது, தன் பொருளைச் சந்தை விலைக்கு விற்க முடியாமல் இருப்பது, இந்த நான்கில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும். ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. தீபாவளிக்கு, பொங்கலுக்கு ஊருக்குப் போனீர்களா? எல்லோரும் சேர்ந்து போக விட்டார்களா, ஒருவரை நிறுத்திக்கொண்டு மற்றவரை அனுப்பினார்களா? சாவு வீட்டுக்குப் போக யாரிடம் கேட்க வேண்டியிருந்தது? பக்கத்துச் சூளையில் கூடுதலாகக் கூலி கொடுத்தால் போக முடியுமா? ஆயிரம் கல்லுக்கு எவ்வளவு, அதில் வாரம் எவ்வளவு கையில் வந்தது? கணக்கு நோட்டு யாரிடம் இருக்கிறது? இவற்றுக்கு வருகிற பதில்களில் எல்லாம் தெளிவாகிவிடும். துணைக்குப் போகிறவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி அதிகாரியிடம் கொடுத்து, பதில்களை வாக்குமூலத்தில் சேர்க்கச் சொல்வதுதான்.

உச்ச நீதிமன்றமும் இதே பக்கம்தான் நிற்கிறது. ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982-இல், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வாங்கி உழைப்பது அரசமைப்பின் 23-ஆம் பிரிவு தடை செய்கிற கட்டாய உழைப்பே என்றது. பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில், ஒருவர் கட்டாய உழைப்பில் இருப்பது தெரிந்தால் அது முன்பணத்துக்காகத்தான் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்றது.

சான்றைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். ஆளுக்கு ஒரு சான்று இருக்க வேண்டும். கணவன் பெயரில் ஒன்றைப் போட்டு “மற்றும் குடும்பத்தினர்” என்று முடிப்பது அடிக்கடி நடக்கிறது. கல் அறுத்ததில் பாதி வேலை மனைவியுடையது. சான்றில் மட்டும் அவர் இருக்க மாட்டார். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் ஆண் தொழிலாளிக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைத் தொழிலாளிக்கும் 2 லட்சம், ஆட்கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நிலையிலிருந்து மீண்ட பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், திருநங்கைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் 3 லட்சம். அந்த “மற்றும் குடும்பத்தினர்” என்ற சொற்களால் போவது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பெயரின் எழுத்து, வயது, ஓனர் பெயரும் முகவரியும், முன்பணத் தொகை, அலுவலக முத்திரை, தேதி எல்லாம் சரியாக இருக்க வேண்டும். ஆதாரில் ஒரு பெயர், சான்றில் ஒரு பெயர் என்றால் வங்கியில் பணம் நின்றுவிடும். ஊருக்குப் போன பிறகு திருத்தம் கேட்டு இன்னொரு மாவட்டத்து ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அலைகிற கூலிக்காரர் ஒவ்வொரு அலைச்சலுக்கும் ஒரு நாள் கூலியை இழக்கிறார்.

சான்றோடு உடனடி உதவித்தொகையும் வர வேண்டும். அதே மறுவாழ்வுத் திட்டத்தின் 2016 வடிவத்தில் இது 20,000 ரூபாய் வரை இருந்தது, பிறகு 30,000 வரை உயர்த்தப்பட்டது. வழக்கில் தண்டனை கிடைத்தால்தான் தருவோம் என்று இந்தத் தொகையை நிறுத்திவைக்க முடியாது. இதற்காகவே ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைந்தது 10 லட்சம் ரூபாய் நிதி வைத்திருக்க வேண்டும் என்கிறது திட்டம். “சென்னையிலிருந்து பணம் வரணும்” என்று சொன்னால் இதை எடுத்துச் சொல்லலாம்.

சான்று மட்டும் போதுமா

போதாது. முழு மறுவாழ்வுத் தொகையின் கடைசித் தவணை சட்ட நடவடிக்கையின் முடிவோடு இணைக்கப்பட்டிருக்கிறது. விசாரணை முடியவில்லை என்ற காரணத்துக்காக, பணம் கேட்டு அனுப்பும் கருத்துருவை நிறுத்தக் கூடாது, ஆட்சியர் முதல்நோக்கில் கொத்தடிமை என்று கண்டால் போதும் என்று திட்டமே சொன்னாலும், இறுதிப் பணம் வழங்குவது நீதி நடைமுறையைப் பார்த்துத்தான். ஆகவே வழக்கை விட்டுவிட்டால் பணமும் பாதியில் நின்றுவிடக்கூடும். அதோடு, ஓனர் மேல் வழக்கே இல்லை என்றால் ஆள் சேர்க்கிற அதே மேஸ்திரி அடுத்த சீசனுக்கு அதே ஊரில் வேறு குடும்பத்துக்கு முன்பணம் கொடுத்துக்கொண்டிருப்பார்.

எந்தச் சட்டத்தில் வழக்கு என்பதுதான் இரண்டாவது முடிவு.

கொத்தடிமைச் சட்டத்தில் மட்டும் வழக்குப் போடலாம். நிரூபிப்பது சுலபம், மேலே சொன்ன 15-ஆம் பிரிவு துணைக்கு இருக்கிறது. விசாரிப்பவர் செயல்துறை நடுவர், அதாவது நடுவர் அதிகாரம் பெற்ற நிர்வாக அதிகாரி. சுருக்க விசாரணையாகவே முடிக்கலாம். ஆனால் தண்டனை அதிகபட்சம் மூன்று வருஷமும் 2,000 ரூபாய் அபராதமும்தான். பிணையில் விடக்கூடிய குற்றம். அதாவது, ஓனர் அன்றைக்கே வெளியே வந்துவிடலாம், மறுநாள் மேஸ்திரி ஊர்த் தெருவில் நின்று “என்ன, கேஸ் குடுத்திருக்கியாமே?” என்று கேட்கலாம்.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவு ஆட்கடத்தல். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 370-ஆம் பிரிவுதான் இது. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றம் என்றால் இன்னும் 370-தான். குறைந்தது ஏழு வருஷம், பத்து வருஷம் வரை. ஒன்றுக்கு மேற்பட்டவர்களைக் கடத்தியிருந்தால், அல்லது கடத்தப்பட்டவர் குழந்தை என்றால், பத்து வருஷத்திலிருந்து ஆயுள் வரை. ஒரு குடும்பத்தையே கொண்டுபோய்ச் சூளையில் விட்டிருந்தால் ‘ஒன்றுக்கு மேற்பட்டவர்கள்’ என்பது தானாகவே பொருந்துகிறது. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பது பொருட்டே இல்லை என்று பிரிவே சொல்கிறது. “நாங்களாத்தான் வந்தோம்” என்ற வாக்கியத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

காவல் நிலையத்தில் வருகிற மறுப்பு எதுவென்றால், “இது கூலித் தகராறு, ஆள் கடத்தல்னா கார்ல தூக்கிட்டுப் போகணும்” என்பது. தவறு. வேலைக்குச் சேர்ப்பது, கொண்டுபோவது, தங்கவைப்பது, பெற்றுக்கொள்வது, இவற்றில் ஒன்றை மிரட்டியோ ஏமாற்றியோ அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியோ ஆசைகாட்டியோ சுரண்டலுக்காகச் செய்தால் போதும். சுரண்டல் என்பதில் அடிமைத்தனமும் அடிமைத்தனத்தை ஒத்த பழக்கங்களும் அடங்கும். ஆயிரம் கல்லுக்கு ஒரு தொகை சொல்லிக் கூட்டிப்போய் அங்கே வேறு தொகை கொடுத்தது, கணக்கைக் காட்ட மறுத்தது, திரும்பப் போகக் கேட்டபோது அடித்தது, இவை புகாரில் தேதியோடும் ஆளோடும் இடம்பெற வேண்டும். சொல்லாமல் விட்டால் போலீஸ் தாமாகச் சேர்க்க மாட்டார்கள்.

மூன்றாவது வழி பலருக்கு நினைவுக்கே வருவதில்லை. சூளைகளில் மாட்டிக்கொள்கிறவர்களில் இருளர் பழங்குடியினரும் தலித் குடும்பங்களும் நிறையப் பேர். பட்டியல் சாதி, பழங்குடியினரைக் கட்டாய வேலையோ கொத்தடிமை வேலையோ செய்ய வைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எச்) பிரிவில் தனிக் குற்றம். இதில் முன்பிணை கிடையாது. நிவாரணம் தீர்ப்புவரை காத்திருக்காது, கட்டம் கட்டமாக வரும். 15ஏ பிரிவின் கீழ் பாதுகாப்பு, பயணச் செலவு, பிணை மனு விசாரணையில் தம் பக்கத்தைச் சொல்கிற உரிமை எல்லாம் பாதிக்கப்பட்டவருக்கு உண்டு. என் பார்வையில், பாதுகாப்பு என்று பார்த்தால் இந்தச் சட்டம்தான் மூன்றிலும் பலமானது. பெரிய தடை, சாதிச் சான்று. இருளர் குடும்பங்களில் அது இல்லாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்காக வழக்கைத் தள்ளிப்போடாமல், விடுதலைச் சான்று கேட்கும்போதே ஆர்.டி.ஓ.விடம் அதற்கும் மனு கொடுத்துவிடுவது நல்லது. பழங்குடியினர் சான்று வழங்குகிறவரும் அவர்தான்.

இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றே இல்லை. ஒரே முதல் தகவல் அறிக்கையில் மூன்றையும் சேர்க்கலாம், சேர்க்க வேண்டும் என்பேன். ஆனால் கனமான பிரிவு என்றால் செஷன்ஸ் நீதிமன்றம், நீண்ட விசாரணை, குறுக்கு விசாரணை. அதற்குக் குடும்பம் தயாரா என்று அவர்களிடமே கேட்டு, நடக்கப்போவதைச் சொல்லி முடிவெடுக்க வேண்டும். வேறொருவர் அவர்களுக்காக வீரமாக முடிவெடுத்துவிட்டு மூன்றாவது வாய்தாவில் காணாமல் போவது பெரிய அநியாயம்.

ஊருக்குத் திரும்பிவிட்டார்கள், வழக்கு பதியவில்லை என்றாலும் வழி இருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 173-ஆம் பிரிவுப்படி குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். விசாரணைக்காகப் பெண்களைக் காவல் நிலையத்துக்கு வரச்சொல்லக் கூடாது. போலீஸ்தான் அவர்கள் வீட்டுக்கு வர வேண்டும். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இழப்பீடு காத்திருக்கத் தேவையில்லை

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுக்கு அங்கே மனு கொடுக்கலாம் (முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 357ஏ, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 396-ஆம் பிரிவு). இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். குற்றவாளி யார் என்றே தெரியவில்லை, ஆள் ஓடிவிட்டான், வழக்கே நடக்கவில்லை என்றாலும் மனு செல்லும். ஒன்றை வாங்கினால் மற்றது போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மறுவாழ்வுத் திட்டப் பணம் மற்ற உரிமைகளுக்குக் கூடுதலாகத்தான் என்று அந்தத் திட்டமே சொல்கிறது.

இதே அலுவலகத்தில் இலவச வழக்கறிஞரையும் கேட்கலாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12-ஆம் பிரிவு, ஆட்கடத்தலுக்கும் கட்டாய உழைப்புக்கும் ஆளானவர்களைத் தனியாகப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. வருமானச் சான்று கேட்கக் கூடாது. தொலைபேசி 15100.

சாட்சி சொல்வது: நேரிலா, காணொளியிலா

இந்த வழக்குகள் அதிகமாகத் தோற்பது இங்கேதான். பிழைப்புக்கு வேறு மாநிலத்துக்குப் போயிருப்பார்கள், சம்மன் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பும். அல்லது ஓனர் தரப்பு ஆள் வந்து பேசி, சாட்சி பிறழ்ந்துவிடும்.

நேரில் போய்ச் சொல்வதில் ஒரு பலம் உண்டு. நீதிபதி முகத்தைப் பார்க்கிறார், தழும்பைப் பார்க்கிறார். ஆனால் ஓனர் கூட்டத்தோடு நிற்கிற அதே வராந்தாவில் காலையிலிருந்து சாயங்காலம் வரை காத்திருந்து, கடைசியில் வாய்தா என்று கேட்டுத் திரும்புகிற ஒரு பெண்ணுக்கு அந்தப் பலத்தால் என்ன பயன்? 2003-இல் பிரஃபுல் தேசாய் வழக்கிலேயே காணொளிச் சாட்சியத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றுவிட்டது. கடத்தப்பட்ட குழந்தைகள் தம் ஊர்ப் பக்கத்து நீதிமன்றத்திலோ சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்திலோ உட்கார்ந்து சாட்சி சொல்ல 2022-இல் நடைமுறையும் வகுத்துக் கொடுத்தது. அதே வருஷம், பாதிப்புக்குள்ளாகக்கூடிய சாட்சிகளுக்குத் தனி மையங்கள் எல்லா மாவட்டத்திலும் வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

தூரமோ மிரட்டலோ இருந்தால் காணொளியே மேல் என்பேன். இரண்டும் இல்லாமல், குடும்பத்துக்குத் துணிவும் இருந்தால் நேரில் போகலாம். எதுவானாலும், தொடக்கத்திலேயே நீதித்துறை நடுவர் முன் வாக்குமூலம் பதிய வைத்துவிடுங்கள். பின்னால் அழுத்தம் வரும்போது அதுதான் கை கொடுக்கும். மிரட்டல் இருந்தால் 2018-ஆம் ஆண்டின் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் மனு கொடுக்கலாம். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு, போலீசிடம் அச்சுறுத்தல் அறிக்கை வாங்கி முடிவெடுக்கும். வீட்டுக்கு ரோந்து, தொலைபேசி எண் மாற்றம், நீதிமன்றத்துக்குத் துணை, தேவைப்பட்டால் இடமாற்றம் வரை கிடைக்கலாம். யார், எந்தத் தேதியில், என்ன சொல்லி மிரட்டினார் என்பதை ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தால் அந்த அறிக்கை வலுவாக வரும்.

பெண்கள்: காப்பகமா, வீடா

பாலியல் தொழிலிலிருந்து மீட்கப்படுகிற வயதுவந்த பெண்களை 1956-ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டம் நடுவர் முன் நிறுத்துகிறது. 17-ஆம் பிரிவில் விசாரணை நடத்தி, ஒரு வருஷத்திலிருந்து மூன்று வருஷம் வரை பாதுகாப்பு இல்லத்தில் வைக்கலாம். பெயர்தான் பாதுகாப்பு. உள்ளே இருப்பவரால் வெளியே போக முடியாது என்றால், அவர் விட்டு வந்த இடத்திலும் அதே நிலைதான் இருந்தது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

காப்பகம் தேவைப்படுகிறவர்கள் உண்டு. விற்றதே உறவினர் என்றால், வீட்டுக்குப் போவது ஆபத்து. மருத்துவம், ஆலோசனை, ஒளிந்திருக்க ஓர் இடம் வேண்டுமென்றால் காப்பகம் நல்லதே. ஆனால் அதை அவர் சொல்ல வேண்டும். பம்பாய் உயர் நீதிமன்றம் 2020-இல் மூன்று பெண்களை இல்லத்திலிருந்து விடுவித்தபோது, வயதுவந்தவர் தாம் விரும்பிய இடத்தில் வாழும் உரிமையைத்தான் அடிப்படையாகக் கொண்டது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமும், விருப்பத்துக்கு மாறாக இல்லங்களில் வைக்கப்பட்டுள்ள வயதுவந்த பெண்களைக் கணக்கெடுத்துக் குறித்த காலத்துக்குள் விடுவிக்க நடவடிக்கை எடுக்கச் சொன்னது. நடுவர் முன் நிறுத்தும் அன்றைக்கே இலவச வழக்கறிஞர் பக்கத்தில் இருந்து, பெண்ணின் விருப்பத்தை எழுத்தில் பதியவைக்க வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் வழி வேறு: குழந்தைகள் நலக் குழு முடிவெடுக்கும், 1098-ஐ அழைக்கலாம்.

சான்றை மறுத்துவிட்டால்

மறுப்பை வாயால் வாங்கிக்கொண்டு வரக் கூடாது. காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் நீங்களே ஒரு மனு எழுதி, நடந்ததைத் தேதியோடு சொல்லி, ஆட்சியருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட அளவிலும் கோட்ட அளவிலும் சட்டப்படி அமைக்கப்பட்ட கண்காணிப்புக் குழுக்கள் இருக்கின்றன, ஒரு நகலை அங்கேயும் கொடுக்கலாம். அதற்கும் அசையவில்லை என்றால் அரசமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். அந்த மனுவுக்கு முக்கியமான ஆவணம், விசாரணை நாளில் பதிந்த வாக்குமூலத்தின் நகல். அதனால் அதை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். தரவில்லை என்றால், என்ன கேட்டார்கள், என்ன பதில் சொன்னார்கள் என்பதை அன்று இரவே, குடும்பம் தூங்கப் போவதற்கு முன், அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வாங்கி வைத்துவிடுங்கள்.